இரண்டு பாயிண்ட், எட்டு வேகன்: வீட்டுக்குள் ரயில் ஓட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி, ஜூன் 2

"மாதிரி ரயில் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். கடையில் ஒரு வட்டப் பாதை செட் ஓடிக்கொண்டிருந்தது. அழகுதான், ஆனால் ஐந்து நிமிஷத்தில் கை தானாக மொபைலுக்குப் போய்விட்டது. எங்கள் ஃப்ளாட்டில் இதற்கென்று ஒரு அறை ஒதுக்க வழியில்லை. சின்ன இடத்தில் ஓட்டினால் இன்னும் சீக்கிரம் சலிக்கும் என்றுதான் நினைக்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்."

ஜூன் 2, இரவு

மறுக்கிறேன். வட்டம் சலிக்கும், சரி. அங்கே நமக்கு வேலை இல்லை, அதனால் சலிக்கிறது. குமிழைத் திருப்பிவிட்டால் வண்டி பாட்டுக்குச் சுற்றும், நாம் எழுந்து போய்விட்டாலும் சுற்றும். ஆனால் சின்ன இடம் என்றால் சலிப்பு என்பதை ஏற்க மாட்டேன். என்னிடம் இருப்பது நாலடி நீளத்தில் ஓரடிக்கும் குறைவான அகலத்தில் ஒரு பலகை. புத்தக அலமாரியின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. வட்டமே கிடையாது. இரண்டு பாயிண்ட் (பாதை பிரியும் இடம்), மூன்று சைடிங் (வண்டி நிறுத்தும் கிளைத் தண்டவாளம்), வேகன்களைப் பிரித்துச் சேர்க்கிற ஒரு ஷண்டிங் எஞ்சின், எட்டு வேகன். அலுவலகம் விட்டு வந்து சாப்பிட்டுவிட்டு அதன் முன்னால் நின்றால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. பல வருஷமாக இப்படித்தான், இன்னும் அலுக்கவில்லை.

ஜூன் 3

எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த அமைப்புக்கு இங்கிள்நுக் சைடிங்ஸ் என்று பெயர். ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ்காரர் உருவாக்கியது. நார்தம்பர்லாந்தில் ஆனிக்கிலிருந்து கார்ன்ஹில் போன கிளைப் பாதையில் கில்ஹம் சைடிங்ஸ் என்று ஒரு சரக்கு நிறுத்தம் இருந்தது, அதன் அமைப்பிலிருந்து எடுத்தார்.

நீளமான சைடிங்கில் ஐந்து வேகன் அடங்கும். மற்ற இரண்டில் மூன்று மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போய்வருகிற ஷண்டிங் நெக்கில் எஞ்சினும் மூன்று வேகனும் மட்டும் நிற்கலாம், நான்காவது வேகன் வந்தால் பாயிண்டை மறித்துவிடும். ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு சீட்டு. எட்டுச் சீட்டையும் கலைத்து ஐந்தை எடுக்க வேண்டும். சீட்டு வந்த அதே வரிசையில் அந்த ஐந்தும் நீள சைடிங்கில் ஒரு ரயிலாக நிற்க வேண்டும். கையால் எந்த வேகனையும் தூக்கக் கூடாது. ஆட்டம் முழுக்க இவ்வளவுதான்.

எட்டிலிருந்து ஐந்தை வரிசையாக எடுத்தால் 8 × 7 × 6 × 5 × 4, அதாவது 6,720 ரயில்கள். தினம் ஒன்று கட்டினாலும் 18 வருஷம் தாண்டும்.

ஜூன் 3, கொஞ்ச நேரம் கழித்து

எண்ணை மட்டும் சொன்னால் புரியாது. நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் சீட்டு எண்ணெய் டேங்கர். முதல் சீட்டு எஞ்சினை ஒட்டி நிற்க வேண்டும் என்பது என் வழக்கம், அப்படியானால் அதைக் கடைசியில்தான் சேர்க்க முடியும், அதுவரை கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். டேங்கரோ நீள சைடிங்கின் கோடியில், முட்டுக்கட்டையை ஒட்டி நிற்கிறது. அதற்கு முன்னால் நான்கு வேகன். நெக்கில் மூன்றுதான் அடங்கும் என்பதால் முன்னால் நிற்கும் மூன்றை இழுத்து, காலியாக இருக்கும் மூன்றாவது சைடிங்கில் தள்ளினேன். அது நிரம்பிவிட்டது. திரும்பி வந்து மாட்டு வேகனையும் டேங்கரையும் சேர்த்து இழுத்தேன். இப்போது நீள சைடிங் காலி, மற்ற இரண்டும் நிறைந்து நிற்கின்றன, டேங்கர் வாலில் தொங்குகிறது. நீள சைடிங்கிலேயே விட்டால் மறுபடி கோடிக்குப் போய்விடும், பட்ட பாடெல்லாம் வீண்.

இந்த இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு யோசித்துக்கொண்டு நிற்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்புறம் இரண்டையும் பிடித்தபடியே இரண்டாவது சைடிங்குக்குப் போய், அதன் வாயில் நின்ற நிலக்கரி வேகனையும் கோத்துக்கொண்டு வெளியே வந்து, நிலக்கரியை நீள சைடிங்கில் விட்டுவிட்டு, அது காலி செய்த இடத்தில் டேங்கரைச் செருகினேன். நிலக்கரிதான் ஐந்தாவது சீட்டு, அது கோடியில் நிற்க வேண்டியதும்கூட. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அடுத்த அறையிலிருந்து "என்ன சத்தம்?" என்று கேட்டார்கள், அவ்வளவு சந்தோஷமாகக் கத்தியிருக்கிறேன்.

ஜூன் 5

"இதை மொபைல் ஆட்டமாகவே ஆடலாமே, பலகை எதற்கு?" என்று ஒருவர் கேட்கிறார். ஆடலாம், எனக்குப் பத்து நிமிஷத்தில் அலுத்துவிட்டது. ஜூன் 3 அன்று இதைப் புதிர் மாதிரி எழுதிவிட்டேன், யோசித்துப் பார்த்தால் அது பாதிதான். கொஞ்ச நாள் ஆடினால் எந்த வரிசை வந்தாலும் வழி தெரிந்துவிடும், அப்புறம் அது புதிரே இல்லை. அதற்குப் பிறகும் ஏன் நிற்கிறேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

வேகம் ஒரு காரணம். நிஜ யார்டில் ஷண்டிங் என்பது ஏறக்குறைய ஆள் நடக்கிற வேகம், மணிக்கு 5 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பலகை ஓஓ அளவு, அதாவது நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு (1:76). அந்தக் கணக்கில் எஞ்சின் ஒரு வினாடிக்கு 2 செ.மீ.கூட நகரக் கூடாது. நாலடிப் பலகையைக் கடக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆக வேண்டும். முதலில் கேட்கிறவர்களுக்கு இது வதையாகத் தோன்றும். ஆனால் அந்த வேகத்தில் சக்கரம் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும், இணைப்புத் தண்டு மேலேறி இறங்குவது தெரியும், தண்டவாள மூட்டில் ஒவ்வொரு அச்சும் 'டிக்' என்று விழுவது காதில் கேட்கும். வேகன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகி இழுபடும்போது எஞ்சினின் குரல் ஒரு இழை இறங்கும். நாலடி திடீரென்று பெரிய இடமாகிவிடுகிறது. அதே பலகையில் வேகமாக ஓட்டிப் பாருங்கள், பொம்மையாகிவிடும்.

ஜூன் 5, விட்டுப்போனது

நிறுத்தங்களும் முக்கியம். வேகனைக் கழற்ற எஞ்சின் நின்றதும் உடனே கிளம்ப மாட்டேன். நிஜத்தில் ஒரு ஆள் நடந்து வர வேண்டும். பிரிட்டனில் ஷண்டர் என்கிற தொழிலாளி நுனியில் கொக்கி வைத்த ஒரு நீளக் கழியோடு வேகன்களின் ஓரமாக நடந்து, சங்கிலி இணைப்பைக் கழியாலேயே தூக்கிவிடுவார். அவர் வந்து, கழற்றி, விலகி, கை காட்டுகிற நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் மனதுக்குள் எண்ணுவேன். பலகையில் அந்த ஆள் இல்லை, ஆனால் அவருக்காகக் காத்திருக்கும்போது அவர் இருக்கிறார். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், ஓட்டிப் பார்த்தவர்கள் சிரிப்பதில்லை.

ஜூன் 9

ஞாயிற்றுக்கிழமை அக்கா குடும்பம் வந்திருந்தது. அக்கா பையனுக்கு ஒன்பது வயது. வந்ததும், "மாமா, இது ஏன் இவ்ளோ மெதுவா போகுது? உடைஞ்சிடுச்சா?" என்றான். உடையவில்லை, வேலை செய்கிறது என்றேன். குமிழை அவனிடம் கொடுத்தால் பறக்கவிட்டுவிடுவான் என்று தெரியும், அதனால் அவனைப் பாயிண்ட்ஸ்மேன் ஆக்கினேன். நான் டிரைவர், அவன் சொன்னால்தான் எஞ்சின் நகரும்.

நம்மூர் ரயில்வேயில் ஷண்டிங்குக்குக் கைச் சைகைகள் உண்டு. பச்சைக் கொடியை மேலும் கீழுமாக மெதுவாக அசைத்தால் என்னைவிட்டு விலகிப் போ என்று அர்த்தம். உடம்புக்குக் குறுக்கே இடவலமாக அசைத்தால் என் பக்கம் வா. கொடி இல்லாவிட்டால் கை போதும். சின்ன வயதில் கூட்ஸ் ஷெட் சுவர்மேல் உட்கார்ந்து இதைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். பச்சை ரிப்பனைக் குச்சியில் கட்டிக் கொடுத்தேன். பையனின் முகமே மாறிவிட்டது. சீட்டை அடுக்கி வைத்துக்கொண்டு, பாயிண்டை விரலால் திருப்பி, மூங்கில் குச்சியால் கப்ளிங்கை (வேகன் இணைப்பை) தூக்கி, ஒவ்வொரு தடவையும் பின்னால் நகர்ந்து நின்று கொடி காட்டினான். ஒரு இடத்தில் நான் தப்புச் செய்யட்டும் என்று காத்திருந்தது மாதிரி, "மாமா, நெக்ல இடம் இல்ல, நிறுத்துங்க!" என்றான். அவன் சொன்னது சரிதான், நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். சாப்பிடக் கூப்பிட்டபோது ரயில் முடியாமல் வர மாட்டேன் என்று நின்றுவிட்டான்.

தனியாக ஓட்டுவதும் இரண்டு பேர் ஓட்டுவதும் வேறு வேறு சுகம். முதலாவது யோசனை, இரண்டாவது பேச்சு.

ஜூன் 10

கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டவருக்கு: ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வேகன் நின்ற இடத்தில் நிற்கும், சீட்டு மேசைமேல் இருக்கும், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அவசரமென்றால் டிசி (நேர்மின்சார) பாதைக்கு 12 வோல்ட்தான் வேண்டும், ஒரு பேட்டரியும் கன்ட்ரோலரும் போதும்.

ஜூன் 14

சந்தோஷத்தை மட்டும் எழுதினால் நியாயமில்லை. மெதுவாக ஓட்டுவதற்கு ஒரு விலை உண்டு, அது சுத்தம். வேகமாகப் போகிற எஞ்சின் அழுக்கைத் தாண்டிவிடும். வினாடிக்கு 2 செ.மீ. போகிற எஞ்சினுக்கு ஒரு தூசி போதும், நின்றுவிடும். நான் இருப்பது சென்னையில் கடற்கரை ஓரம், உப்புக் காற்று வேறு, மின்விசிறித் தூசி வேறு. தண்டவாளம் நிக்கல் சில்வர், துருப்பிடிக்காது, ஆனால் மேலே கருப்பாக ஒரு படலம் படியும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டுத்தான் தொடங்குவேன். எஞ்சின் சக்கரங்களையும் மறக்கக் கூடாது, பாதி அழுக்கு அங்கேதான். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், அது போடுகிற கீறலில் அழுக்கு இன்னும் சுகமாக உட்காரும்.

அடுத்தது பாயிண்ட். இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தை ஃப்ராக் என்பார்கள். சில பாயிண்டுகளில் அது பிளாஸ்டிக், மின்சாரம் கிடையாது. நீளமான எஞ்சினுக்குக் கவலையில்லை, ஒரு சக்கரம் இல்லாவிட்டால் இன்னொன்று மின்சாரம் எடுக்கும். நமக்கு வேண்டியதோ நாலு சக்கரமோ ஆறு சக்கரமோ உள்ள குட்டி ஷண்டிங் எஞ்சின், அது சரியாக அங்கேதான் செத்து நிற்கும். விரலால் தட்டிவிட வேண்டிவரும், தட்டிய அந்த நொடியில் இத்தனை நேரம் கட்டிய உலகம் கலைந்துவிடுகிறது. ஆகவே ஃப்ராக்கிலும் மின்சாரம் பாயும் பாயிண்டாகப் பார்த்து வாங்குங்கள். டிசிசி (தண்டவாளம் வழியாக எஞ்சினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) போகிறவர்கள் எஞ்சினுக்குள் மின்தேக்கி வைத்துக்கொள்ளலாம், நொடி நேரம் மின்சாரம் விட்டாலும் தாங்கும்.

பணத்தை எங்கே போடுவது என்றால், என் வரிசை இது: நல்ல மோட்டார் உள்ள எஞ்சின், நல்ல பாயிண்ட், நல்ல கப்ளிங். மலை, மரம், வீடெல்லாம் அட்டையில்கூடச் செய்துகொள்ளலாம்.

ஜூன் 15

டைம்சேவர் பற்றி எழுதச் சொன்னார்கள். அமெரிக்காவில் ஜான் ஆலன் என்ற பெரிய கலைஞர் இருந்தார், கலிஃபோர்னியாவின் மான்ட்டரேயில் வீட்டின் அடித்தளம் முழுக்க மலையும் பாலமுமாக ஒரு ரயில்வே கட்டியவர். 1973-ல் இறந்தார். அவர் உருவாக்கிய சின்ன ஆட்டம்தான் டைம்சேவர்: ஐந்து பாயிண்ட், கொஞ்சம் வேகன், கடிகாரம். யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று போட்டி. எனக்கு அது ஒட்டவில்லை. கடிகாரம் ஓடத் தொடங்கினால் எஞ்சினைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குகிறோம்.

ஜூன் 16

நேற்று எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு. டைம்சேவர் வருகிற விருந்தாளிகளுக்கான ஆட்டம், நாலு பேர் கூடி நின்று கத்துவதற்கானது. அந்த இடத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். நான் தேடுவது இரவு ஒன்பது மணிக்குத் தனியாக நிற்கும்போது கிடைப்பது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் பலகை கட்டுகிறவருக்கு எதைச் சொல்வேன் என்றால் இங்கிள்நுக்கைத்தான், பாயிண்ட் குறைவு, செலவும் குறைவு.

இடம் அதுவும் இல்லை என்கிறவர்களுக்கு 3-2-2 என்ற சின்ன வடிவம் உண்டு: ஐந்து வேகன், மூன்றை வரிசையாகக் கட்ட வேண்டும், நெக்கில் எஞ்சினோடு இரண்டுதான். அதில் 60 ரயில்தான் வரும். சீக்கிரம் மனப்பாடமாகிவிடும், இருந்தாலும் ஓட்டுகிற சுகத்துக்கு அதுவும் போதும்.

ஜூன் 21

இந்த வாரம் சீட்டில் ஒரு மாற்றம் செய்தேன். இதுவரை சீட்டில் வேகன் பெயர் மட்டும். இப்போது ஏன் போகிறது என்பதையும் எழுதியிருக்கிறேன். நிலக்கரி வேகன் நிறைந்து வந்தால் வியாபாரியின் சைடிங்கில் நிற்க வேண்டும், அடுத்த நாள் காலியாகத் திரும்ப வேண்டும். மீன் வேன் காத்திருக்கக் கூடாது, முதல் ரயிலிலேயே போக வேண்டும். டேங்கர் எஞ்சினை ஒட்டி நிற்கக் கூடாது, நடுவில் ஒரு வேகனாவது வேண்டும். நிலக்கரிக்குக் கழற்றி எடுக்கிற மாதிரி ஒரு சுமை செய்தேன், தெர்மாகோல் துண்டின்மேல் பொடித்த கரி ஒட்டி.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் மாதிரி ரயில் ஓட்டுகிறவர்கள் வெகு காலமாகவே ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டை, அதில் செருக ஒரு சரக்குச் சீட்டு என்று வைத்து ஓட்டுகிறார்கள். அதற்கும் முன்னால், 1940-களில் ஃபிராங்க் எல்லிசன் என்பவர் டெல்டா லைன்ஸ் என்ற தன் மாதிரி ரயில்வேயை ஒரு நாடகம்போல நடத்தினார்: பலகைதான் மேடை, ரயில்கள் நடிகர்கள், கால அட்டவணைதான் கதை. படித்தபோது மிகையாகத் தோன்றியது. இந்த வாரம் மீன் வேன் கோடியில் மாட்டிக்கொண்டு, மெயின் லைன் வண்டி வரும் நேரம் நெருங்க நெருங்க எனக்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த வண்டி என் பலகையில் இல்லவே இல்லை. சீட்டில் எழுதிய ஒரு வரி மட்டும்.

ஜூன் 5 அன்று சொன்ன பாதி இப்போது முழுசாகிறது என்று நினைக்கிறேன். புதிர் தீர்ந்துபோகும். வேகனுக்கு ஒரு காரணம் இருந்தால் வேலை தீராது.

ஜூன் 22

எல்லிசனைப் பற்றி எழுதியதும் இன்னொருவர் நினைவுக்கு வந்தார். பீட்டர் டென்னி, இங்கிலாந்தில் பாதிரியார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பக்கிங்ஹாம் என்ற கற்பனைக் கிளைப் பாதையை மாதிரியாகக் கட்டத் தொடங்கி, வாழ்நாள் பூராவும் ஓட்டினார். நிலையத்துக்கு நிலையம் மணி அடித்துத்தான் வண்டி அனுப்புவார்கள். பிரிட்டிஷ் முறையில் இரண்டு அடி அடித்தால் வண்டி உன் பகுதிக்குள் வருகிறது என்று பொருள். மறுமுனை நிலையத்தை அவர் மகன் கிரிஸ்பின் நடத்தினார். மகன் எப்போதும் கூட இருக்க முடியாதே, அதனால் அந்த வேலையைச் செய்ய ஒரு இயந்திரத்தையே கட்டி அதற்கு 'ஆட்டோமேட்டிக் கிரிஸ்பின்' என்று பெயர் வைத்தார். மணி அடித்தால் பதில் மணி அடிக்கும். அந்தக் காலத்தில், கம்ப்யூட்டர் இல்லாமல்!

அவர் வண்டிகள் தானே ஓடுவதற்காக இதைச் செய்யவில்லை, தான் உட்கார்ந்து வேலை செய்வதற்கு எதிர்முனையில் ஒருவர் வேண்டும் என்பதற்காகச் செய்தார். கேள்வி கேட்டவர் கடையில் பார்த்த வட்டத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

ஜூன் 28

நம்மூர் நிலையத்தைச் செய்யலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். செய்யலாம், ஆனால் கேஜ் (இரண்டு தண்டவாளங்களின் இடைவெளி) கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் ஹெச்ஓ பாதை 16.5 மி.மீ., அது 1:87-ல் 1,435 மி.மீ. ஐரோப்பியப் பாதை. நம் அகலப் பாதை 1,676 மி.மீ., அதே அளவில் 19 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். பெரும்பாலோர் அந்த வித்தியாசத்தைப் பொறுத்துக்கொண்டு 16.5-லேயே ஓட்டுகிறார்கள், எட்டடி தள்ளி நின்றால் தெரியாது. மீட்டர் கேஜ் என்றால் 1:87-ல் 11.5 மி.மீ., கடையில் 12 மி.மீ. பாதை கிடைக்கிறது, கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்தும். எனக்கு அந்த ஆசை ரொம்ப நாளாக இருக்கிறது. செங்கல் கூட்ஸ் ஷெட், வேப்ப மரம், நாலு சக்கர வேகன்கள், ஒரு சின்ன ஷண்டிங் நெக். இங்கிள்நுக் அப்படியே உட்காரும், மீட்டர் கேஜ் நிலையங்களில் பாதி அந்த அளவுதான் இருந்தன.

எஞ்சினுக்கு: என்னிடம் இருப்பது பிரிட்டிஷ் ரயில்வேயின் 08 வகை ஷண்டிங் எஞ்சின். 1952-லிருந்து 1962 வரை 996 கட்டினார்கள், சில இன்றும் வேலை செய்கின்றன. நம் சித்தரஞ்சனில் செய்த டபிள்யூடிஎஸ்-4 டீசல் எஞ்சினும் இதே மாதிரி ஆறு சக்கரம், பக்கவாட்டுத் தண்டு. வண்ணம் மாற்றினாலும் அச்சு அசலாக இருக்காது, ஆனால் வேலையின் நடை ஒன்றுதான்.

ஜூலை 4

கேள்வி கேட்டவர் ஒரு பலகை வாங்கிவிட்டாராம், அளவு கேட்கிறார். ஓஓ-வில் நாலு சக்கர வேகன் கப்ளிங்கோடு சுமார் 8 செ.மீ. என்று வைத்து ஐந்துக்கு 40 செ.மீ., சின்ன பாயிண்ட் ஒன்று 18.5 செ.மீ. வீதம் இரண்டு, நெக்கில் எஞ்சினும் மூன்று வேகனும் சேர்த்து 35 செ.மீ. கூட்டினால் 112. கப்ளிங் கழற்றக் குச்சி நுழைய இடம் விட்டு 120 வைத்துக்கொள்ளுங்கள். ஆணி அடிப்பதற்கு முன்னால் தண்டவாளத்தைச் சும்மா பரப்பி, உங்களிடம் இருக்கும் வேகன்களையே நிறுத்தி அளந்து பாருங்கள், ஏனென்றால் கம்பெனிக்குக் கம்பெனி கப்ளிங் நீளம் மாறும், நெக்கில் நான்காவது வேகனும் அடங்கிவிட்டால் ஆட்டத்தின் உயிரே போய்விடும். எட்டு வேகனும் ஒரே வகைக் கப்ளிங்காக இருக்கட்டும். பலகையை நெஞ்சு உயரத்தில் வையுங்கள், குனிந்து பார்த்தால் பொம்மை, நேராகப் பார்த்தால் யார்டு. முதல் வாரம் சீட்டே வேண்டாம், எஞ்சினை ஒரு வேகனோடு மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தி, இடிக்காமல் கோப்பதை மட்டும் பழகுங்கள்.